பனிப்புயலுக்கு முந்தைய நாட்கள்

நம் மொழியில் 'பனி' என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி பனி. ஏரிக்கரையை மறைத்து நிற்கும் புகைமூட்டமும் பனி. உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்தரையை வெள்ளையடித்தாற்போல் ஆக்கிவிடும் உறைபனியும் பனி. இமயத்தில் வானிலிருந்து பஞ்சுபோல் விழுந்து ஆள் உயரத்திற்குக் குவிவதும் பனியே. கடைசியாகச் சொன்ன வெண்பனியைப் பற்றியதே இக்கட்டுரை. எனினும் மூன்றாவதாகச் சொன்ன உறைபனியையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நடுவில் அதற்கும் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது.

வெண்பனியை நான் நேரில் கண்டதில்லை. 'பனிச்சரிவு' என்னும் சொல்லை முதன்முதலில் கேட்டது 2016 பிப்ரவரியில், ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது. அம்மாதம் 3ஆம் நாள் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த வீரர்கள் பத்துப் பேர் புதையுண்டனர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு வாரத்திற்கு அதே பேச்சு. என் தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. மண் சரிந்து ஆள் புதைவது எங்கள் குடும்பத்திற்குத் தெரியாத செய்தியன்று. "பனி கூடச் சரியுமாப்பா?" என்று கேட்டேன். "எதுவும் சரியும்டா, அடியில பிடிப்பு இல்லேன்னா" என்றார். அன்று சியாச்சினில் இடிந்து விழுந்தது பனிக்கட்டிச் சுவர். நான் இங்கே விளக்கப்போவது மலைச்சரிவில் படிந்த பனி வழுக்கி இறங்கும் வேறுவகை. அப்பா சொன்ன வாக்கியம் இந்த வகைக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. அடியில் ஏன் பிடிப்பு இல்லாமல் போகிறது என்பது, இங்கே வெப்பவியல் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்கு விளங்கியது.

அதை விளக்க ஓர் இடம் வேண்டும். நம் நாட்டிலேயே இருக்கிறது. குல்மார்க் என்றால் 'பூக்களின் புல்வெளி' என்று பொருள். காஷ்மீரத்துப் பாரமுல்லா மாவட்டத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. நம் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதாவது நமக்கு உச்சியாக இருப்பது அவர்களுக்குத் தரை. அங்கிருந்து 'கண்டோலா' எனப்படும் கம்பிவடத் தொங்குவண்டி மேலே செல்கிறது. முதற்கட்டம் 1998இல் கோங்டூரி வரையிலும், இரண்டாம் கட்டம் 2005இல் அஃபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரம் வரையிலும் அமைக்கப்பட்டன. காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு அந்த உயரத்திலிருந்து வழுக்கி இறங்குவதே பனிச்சறுக்கு. உருளைகள் ஓட்டிச் சமன் செய்த பாதையில் இறங்குவதை விட, ஒருவரும் கால் வைக்காத புதுப்பனியில் இறங்குவதற்கே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் அங்கே வருகிறார்கள்.

விளையாடுவோருக்கு அது விளையாட்டு. அந்த ஊராருக்கு அது மானாவாரி வேளாண்மை. சறுக்குவண்டியில் பயணிகளை உட்கார வைத்து இழுப்பவர், குதிரைக்காரர், வழிகாட்டி, பயிற்சி தருபவர், பலகைகளை வாடகைக்கு விடுபவர், விடுதியில் பாத்திரம் தேய்க்கும் பையன் என எல்லாருடைய ஆண்டு வருமானமும் சில வாரப் பனியில் அடங்கியிருக்கிறது. காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைச் 'சில்லை கலான்' என்பார்கள்; கடுங்குளிரின் பெருங்காலம். அதன்பின் இருபது நாள் 'சில்லை குர்த்', பத்து நாள் 'சில்லை பச்சா'. நம் உழவர்கள் ஆடிப்பட்டத்தையும் ஐப்பசி மழையையும் எண்ணுவது போல அவர்கள் இந்த எழுபது நாட்களை எண்ணுகிறார்கள். மழையைக் கொண்டுவர நமக்கு வங்கக் கடல் இருப்பதுபோல, அவர்களுக்கு மத்தியதரைக் கடற்பக்கம் தோன்றி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வரும் காற்றுக் கலக்கங்கள் இருக்கின்றன. வானிலை அறிக்கைகளில் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்று அடிக்கடி கேட்கிறோமே, அவையே இவை.

இந்தக் கலக்கங்கள் சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. அல்லது பிந்தி வருகின்றன. 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியின் பெரும்பகுதியிலும் குல்மார்க்கில் வெண்மை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புப் புல் தெரிந்த படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2025இல் பிப்ரவரி 22 அன்று தொடங்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் போதிய பனி இல்லாமையால் தள்ளிவைக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் ஊர் முழுவதும் வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறது. 'இரண்டு நாளில் பெரும் பனிப்பொழிவு' என்று அறிவிப்பு வந்தால், அது பண்டிகைச் செய்திதான்.

இந்த இடத்தில்தான் பத்திரிகைகள் மீது எனக்கு ஒரு வருத்தம். எத்தனை அடி பெய்தது என்று எழுதுகிறார்கள். எதன்மேல் பெய்தது என்று எழுதுவதில்லை. பனிச்சறுக்குத் தலங்கள் காலைதோறும் வெளியிடும் அறிக்கையிலும் பெரும்பாலும் இரண்டு எண்களே முன்னால் நிற்கும்: தரையில் உள்ள மொத்தப் பனியின் ஆழம், கடந்த 24 மணி நேரத்தில் விழுந்த புதுப்பனியின் ஆழம். புயல் ஆளைக் கொல்லுமா, மகிழ்விக்குமா என்பதை இவ்விரண்டு எண்களும் சொல்லமாட்டா. அதைச் சொல்வது, புயலுக்கு முந்தைய அமைதியான நாட்களில் பழைய பனிக்குள் நடந்து முடிந்த மாறுதல்.

பனி விழும்போது அது படிகம். அதன் ஆறுமுக அமைப்பைப் பற்றிக் கெப்ளர் 1611லேயே ஒரு சிறுநூல் எழுதினார். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் நாகாயா உகிச்சிரோ 1936இல் ஆய்வுக்கூடத்திலேயே, முயல் மயிரின் நுனியில், பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். மேகத்தில் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரி அளவில் இருந்தால் ஆறு கிளை விட்ட நட்சத்திரமாகவும், மைனஸ் 5 அளவில் இருந்தால் ஊசியாகவும் வளர்கிறது என்பது அவருடைய ஆய்வின் பயன். நட்சத்திரங்கள் ஒன்றன் கையை ஒன்று கோத்துக்கொண்டு, இடையில் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு படிகின்றன. ஒரு கன மீட்டர் பனிக்கட்டி 917 கிலோ இருக்க, ஒரு கன மீட்டர் புதுப்பனி ஏறத்தாழ 100 கிலோதான் இருக்கிறது. மிக உலர்ந்த பனியானால் அதிலும் பாதி. மீதியெல்லாம் காற்று. ஆகையால் பனி ஓர் அருமையான கம்பளி. வெப்பத்தை எளிதில் கடத்தாது.

இந்தக் கம்பளித் தன்மையிலிருந்துதான் தொல்லை பிறக்கிறது. பனிக்கு அடியிலுள்ள தரை, கோடையில் வாங்கிய வெப்பத்தாலும் பூமியின் உள்வெப்பத்தாலும், குளிர்காலத்திலும் ஏறக்குறைய 0 டிகிரியிலேயே நிற்கும். பனியின் மேற்பரப்போ மேகமற்ற இரவில் மைனஸ் 12, மைனஸ் 15 என்று இறங்கிவிடும். இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். பனி 2 மீட்டர் ஆழம் இருந்து, அடியில் 0, மேலே மைனஸ் 12 என்றால், மீட்டருக்கு 6 டிகிரி வேறுபாடு. அதே குளிரில் பனி 40 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால், மீட்டருக்கு 30 டிகிரி. பனி ஆய்வாளர்கள் மீட்டருக்கு சுமார் 10 டிகிரி என்பதை ஓர் எல்லையாகக் கொள்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் பனித்துகள்கள் மெல்ல உருண்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். அதற்கு மேலே போனால் நேர்மாறான வேலை நடக்கும். அடியிலுள்ள சற்றே வெதுவெதுப்பான பகுதியில் ஆவியழுத்தம் அதிகம். அங்கிருந்து நீராவி மேல் நோக்கி நகர்ந்து, குளிர்ந்த துகள்களின் மேல் படியும். துகள்கள் பருக்கும், கூரிய பட்டைகள் விடும், ஆனால் ஒன்றையொன்று பிடித்திருந்த கழுத்துகள் மெலிந்துபோகும். ஒன்றிரண்டு வாரங்களில் அடிப்பனி முழுவதும் கல் உப்புக் குவியல் போலாகிவிடும். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க முடியாது. விரல் சந்தில் பொலபொலவென்று உதிரும். சறுக்குவோர் இதைச் சர்க்கரைப் பனி என்றே அழைக்கிறார்கள். அஸ்கா சர்க்கரையை மனத்தில் நினைத்துக்கொண்டால் போதும்.

நண்பர்கள் இதில் உள்ள முரணைக் கவனிக்க வேண்டும். பனி மிகுந்த ஆண்டில் அடிப்பனி உறுதியாகிறது. பனி பஞ்சப்பட்ட ஆண்டில்தான், அந்தக் கொஞ்சப் பனியும் சர்க்கரையாகிப் பாழாகிறது. எந்த ஆண்டில் ஊரார் புயலுக்காக மிகவும் ஏங்குகிறார்களோ, அந்த ஆண்டில்தான் புயலைத் தாங்கும் அடித்தளம் மிகவும் பலவீனமாக இருக்கிறது.

இனி, முதலில் சொல்லிவைத்த உறைபனி. உதகையில் தேயிலை பயிரிடுவோருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது. நட்சத்திரங்கள் துல்லியமாகத் தெரியும் காற்றடங்கிய இரவில்தான் விழும். மேகம் ஒரு கூரை. அது இல்லாதபோது தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு வீசிவிட்டுக் காற்றை விடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றின் நீராவி அதன்மேல் நேரே பனிக்கட்டியாய்ப் படிகிறது. கண்ணுக்கு வெண்மையாக இருந்தாலும், அகச்சிவப்புக் கதிரைப் பொறுத்தவரை வெண்பனி ஏறத்தாழ ஒரு கரும்பொருள்! நம் பாடநூலில் வரும் கரும்பொருள் கதிர்வீச்சு விதிக்கு இதைவிட வேடிக்கையான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. எனவே தெளிந்த இரவுகளில் பனிப்பரப்பின் மேல் இறகு இறகாக உறைபனி முளைக்கிறது. காலை வெயிலில் அது வைரத்தூள் போல் மின்னும். பயணிகள் படமெடுத்து மகிழ்வார்கள். மேலே புதுப்பனி மூடாத வரையில் அதனால் ஒரு தீங்கும் இல்லை. அது கலையாமல் இருக்கும்போதே புயல் வந்து மூடிவிட்டால், அந்த இறகுகள் நின்ற நிலையிலேயே புதைந்து, சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு வழுக்குப் படலமாக வாரக்கணக்கில் உள்ளே கிடக்கும்.

மூன்றாவது எதிரி பொருக்கு. பகல் வெயிலில் மேற்பனி உருகி இரவில் உறைந்தால், மழை காய்ந்த கரிசல் மண்ணில் பொருக்கு கட்டுவது போலக் கண்ணாடிப் பொருக்கு கட்டுகிறது. அதன்மேல் விழும் புதுப்பனிக்குச் சரியான பற்றுக் கிடைப்பதில்லை.

ஆகப் புயலுக்கு முந்தைய நாள் மாலையில் ஒரு மலைச்சரிவின் நிலையை இப்படிக் கற்பனை செய்யலாம். அடியில் சர்க்கரை. நடுவில் ஒரு பொருக்கு. மேலே மின்னும் உறைபனி. மேகமற்ற வானம், கண்ணைப் பறிக்கும் நீலம், காற்றே இல்லை. விடுதிகளில் அறைகள் நிரம்பிவிட்டன.

இரவில் புயல் வருகிறது. ஒரு மீட்டர் புதுப்பனி விழுந்ததாகக் கொள்வோம். ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 100 கிலோ. ஒரு பெரிய அரிசி மூட்டை. நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் உள்ள ஒரு சரிவின்மேல் அது பத்து லட்சம் கிலோ, அதாவது ஆயிரம் டன். பத்து டன் ஏற்றிய லாரிகள் நூறை ஓர் இரவில் கொண்டுபோய்ச் சாய்வான கூரையின்மேல் நிறுத்தியது போன்றது இது. சரிவு 38 டிகிரியானால் அந்த எடையில் பத்தில் ஆறு பங்கு கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். பலகைப் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் நிகழ்கின்றன. அதைவிடச் செங்குத்தானால் பனி சேராமல் அவ்வப்போதே உதிர்ந்துவிடும். அதைவிடச் சாய்வு குறைந்தால் நகராது. சறுக்குவோருக்கு மிகவும் பிடித்த சரிவும் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது என்பது இயற்கையின் குறும்பு எனலாம்.

எடை மட்டுமா? எடை ஏறும் வேகமும் முக்கியம். ஒரு மீட்டர் பனி பத்து நாட்களில் விழுந்தால் துகள்கள் ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. புதுச்சுவர் எழுப்பும் கொத்தனார் ஒரே நாளில் மேலே மேலே கட்டிக்கொண்டு போகமாட்டார் அல்லவா? புயலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. காற்று வேறு, முகட்டின் ஒரு பக்கத்துப் பனியைப் பெருக்கி எடுத்து மறுபக்கத்தில் கொட்டும். ஊரில் இரண்டடி பெய்திருக்கும்போது, காற்று மறைவான ஒரு மடிப்பில் ஆறடி இருக்கலாம். காற்று அரைத்த துகள்கள் நெருங்கிப் படிவதால் அந்தப் பனி மெத்தையாக இராது, பலகையாகிவிடும். புயல் குளிராகத் தொடங்கி வெதுவெதுப்பாக முடிந்தால் இன்னும் மோசம். இலேசான பனி கீழே, கனத்த பனி மேலே என்று தலைகீழாக அடுக்கப்பட்டுவிடும்.

சாய்த்து வைத்த பலகையில் கடுகைப் பரப்பி, அதன்மேல் ஒரு கடப்பைக் கல்லை வைத்துப் பாருங்கள். கல் சற்று நேரம் நிற்கும். விரலால் ஓரிடத்தில் தட்டினால் போதும். மலையில் அந்த விரல் பெரும்பாலும் ஒரு மனிதனின் எடை. அவன் கால் வைத்த இடத்தில் அடியிலுள்ள மெல்லிய படலம் நொறுங்குகிறது. சில சமயம் 'தொம்' என்று ஓர் ஓசை கேட்கும். நொறுங்கிய பகுதி தான் தாங்கிய சுமையைப் பக்கத்துப் பகுதியின் மேல் தள்ளுகிறது, அதுவும் நொறுங்குகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் விரிசல் சரிவின் குறுக்கே ஓடிவிடும். முழுச்சரிவும் ஒரே பலகையாகக் கழன்று, சில விநாடிகளில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுக்கும். பொழுதுபோக்காக மலைக்குச் சென்று பனிச்சரிவில் சிக்குவோரில் பத்தில் ஒன்பது பேரின் விஷயத்தில், சரிவைக் கிளப்பியவர் அவரோ, அவரோடு வந்தவரோதான். மலை தானாக விழுந்து ஆளைத் தேடி வருவது குறைவு.

குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஆல்பைன் மெடோஸ் என்னும் சறுக்குத் தலத்தில் 1982 மார்ச் கடைசி வாரத்தில் சில நாட்களுக்குள் ஏழடிக்கு மேல் பனி கொட்டியது. அபாயத்தை உணர்ந்து மார்ச் 31 அன்று தலத்தையே மூடியிருந்தார்கள். இருந்தும் அன்று பிற்பகல் சரிந்து வந்த பனி, அடிவாரக் கட்டடத்தையும் வண்டி நிறுத்துமிடத்தையும் தாக்கி ஏழு பேரைக் கொன்றது. இடிபாட்டுக்குள் சிக்கிய பணியாளர் ஒருவர் ஐந்து நாட்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்டார். மூடியிருந்தபடியால் ஏழு, திறந்திருந்தால் எத்தனை என்பதை எண்ணிப் பார்க்கவும் தயக்கமாக இருக்கிறது. 1999 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்ட்டூர் கிராமத்திலும் தொடர்ந்த பெரும்பொழிவுகளுக்குப் பின் பனி வீடுகள் வரை பாய்ந்து 31 பேர் மாண்டனர்.

அப்படியானால் முன்கூட்டி அறிவது எப்படி? இங்கேதான் என் தந்தையாரின் தொழிலும் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகளின் தொழிலும் ஒன்றாகின்றன. டாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்னுமிடத்தில் 1936 முதல் பனியாராய்ச்சி நடந்து வருகிறது. எல்லா நவீனக் கருவிகளும் வந்துவிட்ட இன்றும், பனியைச் சோதிக்கும் முதல் வேலை மண்வெட்டி எடுத்துக் குழி தோண்டுவதுதான். தரை வரை வெட்டி, ஒரு பக்கச் சுவரைச் சமமாகச் செதுக்குகிறார்கள். கிணற்றுக்குள் நின்று, 'இது செம்மண், இது சுக்கான், இனிப் பாறை' என்று அப்பா படிப்பது போல, அவர்கள் அந்தப் பனிச்சுவரைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் கையை அழுத்திப் பார்ப்பார்கள். மூடிய கைமுட்டியே உள்ளே போனால் மிக மென்மை. நான்கு விரல் போனால் அதற்கு அடுத்தது. பிறகு ஒரு விரல், பென்சில், கடைசியாகக் கத்தி. முட்டி நுழையும் அடுக்கின்மேல் பென்சில் மட்டுமே நுழையும் அடுக்கு உட்கார்ந்திருந்தால் முகம் மாறிவிடும்.

தட்டுச் சோதனை என்று மற்றொன்று. முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பனித்தூணைத் தனியே அறுத்து நிறுத்துவார்கள். அதன் தலையில் மண்வெட்டியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. முழங்கையை அசைத்துப் பத்து. தோளிலிருந்து ஓங்கிப் பத்து. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில் தூண் உடைந்து நழுவுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். மணிக்கட்டுத் தட்டுகளிலேயே அலமாரி இழுப்பறை போல வழுக்கி வெளியே வந்துவிட்டால், அந்தச் சரிவுக்கு அன்று ஒருவரையும் அனுப்பமாட்டார்கள். இவ்வளவு எளிய சோதனையில் இத்தனை உயிர்கள் தங்கியிருக்கின்றன என்பது இயற்பியல் மாணவனாகிய எனக்கு வியப்பையே தந்தது. நம் ஆய்வுக்கூடத்தில் சுருள்வில்லில் எடை தொங்கவிட்டு நீட்சி அளக்கும்போது இப்படி ஒரு பயன் நினைவுக்கு வந்ததில்லை.

அபாயம் என்று தெரிந்தால், மனிதர் ஏறும் முன் சரிவைத் தாங்களே சரித்துவிடுவது ஒரு வழி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆல்ட்டா என்னும் தலத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின், இராணுவப் பீரங்கியைக் கொண்டே மலையைச் சுட்டார்கள். மாண்ட்கோமரி அட்வாட்டர் என்பவர் அம்முறைக்கு அங்கே முன்னோடி. விடிவதற்கு முன்பே காவற்குழுவினர் வெடி வைத்துச் சரிவுகளை இறக்கிவிட்டு, அதன்பிறகே வண்டியை ஓட்டச் சொல்லும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு.

இன்னொரு வழி எச்சரிக்கை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு அறிவிக்கிறார்கள். ஐந்தில்தான் நிறையப் பேர் இறப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. மிகுதியான உயிரிழப்பு மூன்றாம் எண் நாட்களில் நேர்கிறது. நான்கு, ஐந்து என்றால் மக்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். மூன்று என்றால், 'நடுத்தரம்தானே' என்று கிளம்பிவிடுகிறார்கள். புயல் ஓய்ந்து, வானம் வெளுத்து, வெயில் அடிக்கும் முதல் நாள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நாள்தான். புயல் போய்விட்டது, ஆனால் அது ஏற்றிவைத்த சுமை போகவில்லை.

குல்மார்க்கில் நடந்தவற்றை இந்த வெளிச்சத்தில் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் சரிவில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். மறு ஆண்டு, நான் முன்னே சொன்ன அந்த வறண்ட குளிர்காலத்தில், பிப்ரவரி நடுப்பகுதிக்குப் பின் கனத்த பனி பெய்தது. கேலோ இந்தியா விளையாட்டுகள் 21ஆம் நாள் கோலாகலமாகத் தொடங்கின. 22ஆம் நாள், சீர்செய்த பாதைக்கு வெளியே சறுக்கச் சென்ற ரஷ்யர் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கியது. ஒருவர் இறந்தார், மற்றவர்கள் மீட்கப்பட்டனர்.

மீட்பு என்பது நிமிடக் கணக்கு. ஓடும்போது தூளாக இருக்கும் பனி, நின்றவுடன் காரைபோல் இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரம் கடந்துவிட்டால் மூன்றில் ஒருவர்தான். பெரும்பாலும் கொல்வது குளிரன்று, மூச்சுத் திணறல். அந்நேரத்திற்குள் வெளியூரிலிருந்து உதவி வந்து சேராது. ஆகவே சீர்செய்யாத சரிவில் இறங்கும் ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிக்கும் ஒரு சிறு கருவியும், குத்திப் பார்க்கும் நீண்ட கோலும், மண்வெட்டியும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கூட வந்தவரே மருத்துவர், கூட வந்தவரே தீயணைப்புப் படை.

நம் நாட்டில் இத்துறைக்கென்று 1969இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020இல் அது மற்றோர் ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டுப் பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று. இமயப் பகுதிகளுக்கான பனிச்சரிவு எச்சரிக்கைகள் அங்கிருந்து வெளியாகின்றன. அடுத்த முறை வானொலியிலோ செய்தித்தாளிலோ அந்த எச்சரிக்கையைக் காணும் நண்பர்கள், அதைக் கடந்துபோகாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

2025இல் தள்ளிவைக்கப்பட்ட விளையாட்டுகளுக்கு வேண்டிய பனி பிப்ரவரி கடைசி வாரத்தில் வந்தது. காஷ்மீர், இமாசலம், உத்தரகாண்டம் மூன்றையும் சேர்த்து நனைத்த காற்றுக் கலக்கம் அது. மார்ச் 9 முதல் 12 வரை குல்மார்க்கில் போட்டிகள் நடந்தன. ஊரில் கடைகள் திறந்தன, சறுக்குவண்டிகள் ஓடின. அதே கலக்கம் உத்தரகாண்டத்தில் பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா என்னும் ஊரையும் தொட்டது. அங்கே எல்லைச் சாலை அமைப்பின் பணியில் இருந்த தொழிலாளர்கள், தகரப் பெட்டி அறைகளில் தங்கிச் சாலையில் பனி அகற்றும் வேலை செய்துவந்தார்கள். பிப்ரவரி 28 காலையில் மேலேயிருந்து பனி இறங்கி 54 பேரை மூடியது. இராணுவத்தினர் மூன்று நாள் தோண்டினார்கள். 46 பேர் உயிரோடு வந்தனர். எட்டுப் பேர் வரவில்லை.